வள்ளங்களை எண்ணாத சாளைக் கணக்கு

கேரளக் கரையில் 2012ஆம் ஆண்டில் இறங்கிய சாளை மீன் ஏறத்தாழ 3.9 லட்சம் டன். 2021இல் அதே கரையில் இறங்கியது 3,297 டன். கொச்சியில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட எண்கள் இவை. நூறு கூடை வந்த இடத்தில் ஒரு கூடைகூட முழுதாக வரவில்லை என்று பொருள்.

நீரோடியில் நின்று பார்த்தால் இந்தச் சரிவுக்கு எல்லைக்கோடு கிடையாது. தமிழ்நாட்டின் கடைசி கடற்கரை ஊர் அது. அடுத்த ஊர் பொழியூர், அங்கே கேரளம் தொடங்குகிறது. மணலில்தான் அந்தக் கோடு. சாளைக் கூட்டம் கேரளக் கரையையும் குமரியின் மேற்குக் கரையையும் ஒரே கடலாகத்தான் எடுத்துக்கொள்கிறது. வடக்கே போகப் போக அதன் பெயர் மத்தி என்று மாறுகிறது, அவ்வளவுதான். மரச்சீனிக் கிழங்கும் சாளைக் குழம்பும் இரண்டு பக்கத்திலும் ஏழை வீட்டுச் சாப்பாடு. அது இல்லாமல் போன வருடங்களில் இரண்டு பக்கத்திலும் ஒரே பேச்சுத்தான் நடந்தது. கடல் சூடாகிவிட்டது, மழை தப்பிவிட்டது என்று ஒரு சாரார். பெரிய வலைக்காரர்கள் குஞ்சைக்கூட விடாமல் வாரிவிட்டார்கள் என்று இன்னொரு சாரார்.

நான் கணக்குப் பாடம் எடுப்பவன். இந்த இரண்டு பதிலையும் ஒரே ஏட்டில் எழுதிப் பார்க்க ஒரு வழி உண்டு என்பதும், அந்த வழியில் உலகமே பெரும்பாலும் பாதி ஏட்டை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொண்டது என்பதும்தான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

முதலில் மீனுடைய பக்கம். 1838இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த வெர்ஹுல்ஸ்ட் மக்கள்தொகை பற்றி ஒரு சமன்பாடு எழுதினார். ஓர் உயிரினம் கொஞ்சமாக இருக்கும்போது இரைக்கும் இடத்துக்கும் போட்டி இல்லாததால் வேகமாகப் பெருகும். நெருக்கம் கூடக் கூட அந்த வேகம் குறையும். இடம் தாங்கக்கூடிய அளவை எட்டியதும் பெருக்கம் நின்றுவிடும். இதற்குள் மனிதனைக் கொண்டுவந்தவர் மில்னர் ஷேஃபர். அமெரிக்க வெப்பமண்டலச் சூரை ஆணையத்தில் பணியாற்றிய அவர், 1954இல் இந்தப் பெருக்கத்திலிருந்து பிடிக்கும் மீனைக் கழித்தார். வருடத்தில் கூடுவது இவ்வளவு, நாம் எடுப்பது இவ்வளவு, மிச்சம்தான் கடலில். மீன்வள அறிவியலின் பெரும்பகுதி இந்த ஒரு கழித்தலின் மேல் கட்டியது.

எண் வைத்துப் பார்ப்போம். இது பாடத்துக்காக நான் உண்டாக்கிய கடல். அதில் அதிகபட்சம் 1,000 டன் மீன் வாழலாம். நெருக்கடி இல்லாதபோது ஆண்டுக்கு 80 சதவீதம் பெருகும். இருப்பு 800 டன் என்றால் காலியிடம் ஐந்தில் ஒரு பங்குதான். ஆகவே 800இன் 80 சதவீதமான 640இல் ஐந்தில் ஒரு பங்கு, 128 டன், அந்த வருடம் புதிதாகச் சேரும். இருப்பு 200 டன் என்றால்? 200இன் 80 சதவீதம் 160. காலியிடம் ஐந்தில் நான்கு பங்கு. அப்போதும் 128 டன்தான். நடுவில் 500 டன் இருக்கும்போது 200 டன் சேரும். இந்தக் கடல் கெடாமல் தரக்கூடிய உச்சம் அது.

இதில் நான் மாணவர்களிடம் நெடுநேரம் நிற்கும் இடம் அந்த இரண்டு 128. 800 டன் இருக்கும் கடலிலும் ஆண்டுக்கு 128 டன் எடுக்கலாம். 200 டன் இருக்கும் கடலிலும் எடுக்கலாம். கரையில் ஏலம் நடக்கும் இடத்தில் நின்று எடை போடுகிறவருக்கு இரண்டு கடலும் ஒன்றுபோலவே தெரியும். ஒன்று நிறைந்த கடல், மற்றொன்று ஐந்தில் நான்கு பங்கு போய்விட்ட கடல். இறங்கிய மீனின் எடையை மட்டும் வைத்துக் கடலின் நலத்தைச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

வித்தியாசம் எங்கே தெரியும்? வள்ளத்தில், அதாவது மீன்பிடிப் படகில். ஒரு வள்ளம் வருடத்துக்கு இருப்பில் ஆயிரத்தில் நான்கு பங்கை எடுக்கும் என்று வைத்துக்கொண்டால், 800 டன் கடலில் 128 டன் பிடிக்க 40 வள்ளம் போதும். ஒரு வள்ளத்துக்கு 3.2 டன் பாடு, அதாவது பிடிபடும் மீன். 200 டன் கடலில் அதே 128 டன்னைப் பிடிக்க 160 வள்ளம் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 0.8 டன். மொத்த மீன் ஒன்றே. ஆனால் நான்கு மடங்கு டீசல், நான்கு மடங்கு வலை, நான்கு மடங்கு கடன்.

ஷேஃபர் எழுதிய அதே 1954இல் கனடாவின் பொருளாதார அறிஞர் ஸ்காட் கார்டன் வேறொரு கேள்வி கேட்டார். வள்ளங்களின் எண்ணிக்கையை யார் தீர்மானிப்பது? யாரும் தடுக்காத கடலில் ஒருவர் லாபம் பார்த்தால் அடுத்தவரும் இறங்குவார். லாபம் இருக்கும்வரை இறங்கிக்கொண்டே இருப்பார்கள். நம் கடலில் ஒரு வள்ளத்தை ஒரு வருடம் ஓட்ட 0.8 டன் மீனின் விலை செலவாகிறது என்று வைப்போம். அப்படியென்றால் வள்ளங்கள் 160 ஆகும்வரை கூடும். அந்த இடத்தில் ஒருவருக்கும் ஒரு காசு மிஞ்சாது. எல்லாரும் உழைக்கிறார்கள், எல்லாருக்கும் செலவு மட்டும் திரும்புகிறது. இதே கடலில் 80 வள்ளம் மட்டும் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் 2.4 டன், செலவு போக 1.6 டன், எல்லாருக்கும் சேர்த்து 128 டன் மீனின் மதிப்பு லாபமாக நிற்கும். கவனியுங்கள், மீன் அதிகமாகக் கிடைக்கும் இடம் 100 வள்ளம், லாபம் அதிகமாக நிற்கும் இடம் 80. பணத்துக்காக யோசித்தாலும் கடலில் 500 டன்னுக்குப் பதில் 600 டன்னை விட்டுவைப்பதுதான் கெட்டிக்காரத்தனம்.

சரி, 200 டன்தான் உச்சம் என்று தெரிந்துவிட்டதே, வருடா வருடம் 200 டன் மட்டும் பிடிப்போம் என்று சட்டம் போட்டால் போதாதா? பல நாடுகள் அப்படித்தான் நினைத்தன. ஒரு மோசமான பருவத்தால் இருப்பு 500லிருந்து 400க்கு இறங்கிவிட்டது என்று வையுங்கள். 400 டன்னில் சேர்வது 192. எடுப்பது 200. எட்டு டன் குறைவு, யாருக்கும் தெரியாது. அடுத்த வருடம் 392, அப்புறம் 383, அப்புறம் 372. மூன்று வருடத்தில் 28 டன்தான் போயிருக்கிறது. எட்டாம் வருடம் 265. ஒன்பதாம் வருடம் 220, பத்தாம் வருடம் 158, பதினோராம் வருடம் 64. பன்னிரண்டாம் வருடம் கடலையே வழித்தாலும் 200 டன் தேறாது. அந்தப் பதினொரு வருடமும் கரையில் குறையாமல் 200 டன் இறங்கிக்கொண்டிருந்தது. ஏலப் பதிவேட்டில் ஒரு கீறலும் இல்லை.

சாளையின் குணம் இதை இன்னும் மோசமாக்குகிறது. சாளை கூட்டமாகத் திரியும் மீன். எண்ணிக்கை குறைந்தாலும் மிச்சமிருப்பது ஒன்றாகவே கூடி நிற்கும். ஒலியை அனுப்பி மீனைக் காட்டும் எக்கோ சவுண்டர் வைத்து அந்தக் கூட்டத்தைக் கண்டுபிடித்துச் சுற்றி வளைத்தால் வலை நிறையத்தான் செய்யும். ஒரு வள்ளம் இருப்பில் ஆயிரத்தில் நான்கு பங்கு எடுக்கும் என்று மேலே மாறாத எண்ணாக வைத்தேன் அல்லவா, கூட்டமீனில் அது மாறும். மீன் குறையக் குறைய அந்தப் பங்கு ஆறாகும், பத்தாகும். ஆகவே வள்ளத்துக்கு வரும் பாடும் நம்மை ஏமாற்றும். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரையில் காட் மீனுக்கு நடந்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. மீன் கூடும் இடத்தில் படகுகள் நல்ல பாடு பார்த்துக்கொண்டே இருந்தன. அந்தப் பாட்டை நம்பி இருப்பை அதிகமாக மதிப்பிட்டார்கள். 1992 ஜூலையில் மீன்பிடியையே நிறுத்த வேண்டியதாயிற்று. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தார்கள்.

இதுவரை சொன்னதில் மீனுக்குத்தான் சமன்பாடு. வள்ளத்துக்கு வெறும் எண். நாற்பது, எண்பது, நூற்றறுபது. ஆனால் கடற்கரையில் வாழ்கிறவருக்குத் தெரியும், வள்ளமும் மீனைப்போலவே பெருகும். அதற்கு இரை கடன்.

கடனைக் கணக்குக்குள் இழுத்துவந்தவர் காலின் கிளார்க் என்ற கனடியக் கணித அறிஞர். 1973இல் அவர் திமிங்கில வேட்டையை எடுத்துக்கொண்டு இப்படிக் கேட்டார்: கடலில் விட்டுவைக்கும் மீனும் ஒரு முதலீடுதானே? அது பெருகும் வேகத்தைவிட வெளியே வட்டி அதிகம் என்றால், பிடித்து விற்றுக் காசாக்குவதுதானே லாபம்? அவர் இதைப் பரிந்துரைக்கவில்லை. லாபத்தை மட்டும் நம்பினால் எங்கே போய் நிற்போம் என்று காட்டினார். அவருடைய வாய்ப்பாட்டை நம் கடலில் போட்டுப் பார்க்கிறேன். மூன்று வட்டிக்கு வாங்கிய கடன் என்றால் ஆண்டுக்கு 36 சதவீதம். பிடிக்கும் செலவைக் கணக்கில் எடுக்காவிட்டால், அந்த வட்டிக்குக் கட்டுப்பட்டவர் கடலில் விட்டுவைக்க நினைக்கும் அளவு 500 டன்னிலிருந்து 275க்கு இறங்குகிறது. மீன் மாறவில்லை, கடல் மாறவில்லை. வட்டி மட்டும்தான் புதிதாக உள்ளே வந்தது.

80 சதவீதம் பெருகும் மீனுக்கே இந்தக் கதி. சுறாவை எண்ணிப் பாருங்கள். குமரி மாவட்டத்தின் தூத்தூர் வட்டாரத்து மீனவர்கள் ஆழ்கடலில் தூண்டில் போட்டுச் சுறா பிடிப்பதில் இந்தியா முழுவதும் பெயர் பெற்றவர்கள். சுறா பல வருடம் கழித்துத்தான் பருவத்துக்கு வரும், குட்டிகளும் கொஞ்சம். ஆண்டுக்கு 20 சதவீதம் பெருகும் ஒரு சுறாவை நினைத்து அதே 36 சதவீத வட்டியைப் போட்டால் கிளார்க்கின் விடை பூஜ்யம். ஒன்றையும் விட்டுவைக்காதே என்கிறது கணக்கு. பேராசை பிடித்த மீனவர் என்று ஒருவரைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. கரையிலிருக்கும் வட்டி அவரை அந்த இடத்துக்குத் தள்ளிக்கொண்டுபோகும். மீன்வளத்தைக் காப்பது பற்றிப் பேசுகிற எவரும் குறைந்த வட்டிக் கடனைப் பற்றிப் பேசாமல் இருப்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

எல்லைக்கு வருவோம். ஒரே ஆள் முடிவெடுத்தால் நம் கடலில் 80 வள்ளம், லாபம் 128 என்று பார்த்தோம். இரண்டு மாநிலம் தனித்தனியே, ஒவ்வொன்றும் தன் கரைக்கு மட்டும் நல்லதை யோசித்து முடிவெடுத்தால்? நான் ஒரு வள்ளம் கூடுதலாக விட்டால் வரும் மீன் முழுவதும் எனக்கு. அதனால் கடலில் குறையும் மீனில் பாதி நஷ்டம் எதிர்க்கரைக்கு. ஆகவே இரு தரப்பும் கொஞ்சம் கூடுதலாகவே இறக்கும். கணக்குப் போட்டால் மொத்தம் ஏறத்தாழ 107 வள்ளம் வருகிறது, லாபம் 114. கோவா, கர்நாடகம், கேரளம், தமிழ்நாடு என்று நான்கு தரப்பு என்றால் 128 வள்ளம், லாபம் 82. தரப்புகள் கூடக் கூட அது கார்டன் சொன்ன 160ஐயும் பூஜ்யத்தையும் நோக்கிப் போகும். இதில் எந்த மாநிலமும் முட்டாள்தனம் செய்யவில்லை. ஒவ்வொன்றும் தன் பக்கத்துக் கணக்கைச் சரியாகத்தான் போட்டது. நஷ்டம் எல்லைக்கோட்டில் இருக்கிறது.

இது வெறும் தாள் கணக்கா? தடைக்காலத்தைப் பாருங்கள். தமிழ்நாட்டில் கிழக்குக் கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடை. குமரி மாவட்டம் ஒன்றுக்குள்ளேயே இரண்டும் உண்டு. கிழக்கே சின்னமுட்டம் ஒரு தேதியில் நிற்கும், மேற்கே குளச்சல் வேறு தேதியில் நிற்கும். எல்லை தாண்டினால் கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவிலிருந்து ஜூலை 31 வரை 52 நாள். மீனுக்கு ஒரே பருவம், நமக்கு மூன்று நாள்காட்டி.

கேரளத்தின் தடை எளிதாக வந்ததல்ல. 1953இல் கொல்லம் அருகே நீண்டகரையில் தொடங்கிய இந்திய நார்வே திட்டத்தோடு அந்தக் கரைக்கு விசைப்படகு வந்தது. எண்பதுகளில் பாதிரியார் தாமஸ் கோச்சேரி போன்றவர்கள் தலைமையில் பாரம்பரிய மீனவர்கள் தெருவில் இறங்கினார்கள். பாபு பால் குழு, களாவர் குழு, பாலகிருஷ்ணன் நாயர் குழு என்று ஒன்றன்பின் ஒன்றாக விசாரித்தார்கள். கடலடியை வாரி இழுக்கும் இழுவலைக்கு 1988இல் மழைக்காலத் தடை வந்தது. அதை நான் மனதார மதிக்கிறேன். ஆனால் சாளைக் கணக்கில் அதற்கு ஓர் ஓட்டை உண்டு. தடை இழுவலைப் படகுகளுக்கு. மீன் கூட்டத்தைச் சுற்றி வளைக்கும் ரிங் வலை வள்ளங்கள் பாரம்பரியப் பிரிவில் சேரும், அவற்றுக்கு விலக்கு. சாளையைப் பெருமளவில் பிடிப்பது அந்த ரிங் வலைதான். சாளை முட்டையிடும் காலமும் தென்மேற்குப் பருவமழையை ஒட்டித்தான். கடல் கொந்தளித்து அடியிலிருந்து சத்து மேலே வரும் அந்த மாதங்களில்தான் அதன் குஞ்சுக்கு இரை. எண்பதுகளின் நடுவில் சின்ன வலையாக வந்த ரிங் வலை இன்று பல நூறு மீட்டர் நீளத்துக்கு வளர்ந்துவிட்டது. ஒரு வள்ளம் என்று பதிவேட்டில் எழுதும்போது அன்றைய வள்ளமும் இன்றைய வள்ளமும் ஒரே எண்ணாகத்தான் விழுகின்றன.

கரையில் நின்று இழுக்கும் கரமடி வலையை நினைத்தால் இது புரியும். கரையிலிருந்து கயிறு எட்டும் தூரம்தான் அதன் கை. எத்தனை பேர் சேர்ந்து இழுத்தாலும் அதற்கு மேல் போகாது. முயற்சிக்கு ஓர் உச்சவரம்பு வலையிலேயே இருந்தது. ஆந்திர எல்லையில் பழவேற்காடு ஏரியில் வேறொரு வழி, பாடு முறை (இந்தப் பாடு பிடிபட்ட மீனல்ல). ஏரியில் எந்த இடத்தில் யார் என்றைக்கு வலை வைப்பது என்பதை ஊர் கூடி முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும். இந்த மாதிரி ஊர் ஏற்பாடுகளை உலகெங்கும் ஆராய்ந்த எலினர் ஆஸ்ட்ரமுக்கு 2009இல் பொருளாதார நோபல் கிடைத்தது. கடல் பொதுவென்றால் அழிந்தே தீரும் என்பது தவறு, யாரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாத பொதுதான் அழியும் என்பது அவர் ஆய்வு காட்டியது. மேலே சொன்ன கணக்கிலும் 107ஐ 80 ஆக்குவது பேச்சுவார்த்தைதான்.

மழை தப்பியது என்று சொன்னவர்களுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. அவர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. நான் 1,000 டன் என்று மாறாமல் வைத்த தாங்குதிறன் உண்மைக் கடலில் வருடத்துக்கு வருடம் மாறும். சாளைப் பாடு நூறு வருடமாகவே ஏறி இறங்கித்தான் வந்திருக்கிறது. 1994இலும் பெரும் வீழ்ச்சி ஒன்று இருந்தது. பசிபிக் கடல் சூடாகி வானிலையைக் குலைக்கும் எல் நினோ 2015இல் வந்ததையும் சேர்த்துத்தான் ஆய்வாளர்கள் பிந்தைய வீழ்ச்சியை விளக்குகிறார்கள். பெருவில் 1970இல் ஒரு கோடியே இருபது லட்சம் டன் அளவுக்குப் பிடித்த நெத்தலி இனம் 1972 எல் நினோவோடு சரிந்தது. ஆனால் அதே எல் நினோ முன்பும் வந்து போயிருக்கிறது. 600 டன் இருக்கும் கடலை ஒரு கெட்ட பருவம் 500க்கு இறக்கினால் அடுத்த நல்ல மழையில் அது ஏறிவிடும். 275 டன்னில் ஓடிக்கொண்டிருக்கும் கடலை அதே பருவம் தாக்கினால் ஏறப் பல வருடம் ஆகும். அதாவது கடல் சூடானதா, வலை வாரியதா என்ற கேள்வியே கூட்டலில் எது பெரிது என்று கேட்பதுபோல் இருக்கிறது. இரண்டும் பெருக்கலில் இருக்கின்றன.

இதே ஏட்டைப் பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்ஞாம்பாறைத் தமிழர்களின் ஆழ்துளைக் கிணறுகளுக்கும் எழுதலாம். ஒரு திருத்தத்தோடு: நிலத்தடி நீர் குட்டி போடாது, மழை தருவதுதான் வரவு. கிணறுகளின் பக்கம் மட்டும் அப்படியே பொருந்தும்.

சாளைக்கு மறுபடி நல்ல காலம் வந்திருக்கிறது. 2022இல் கேரளத்தில் ஏறத்தாழ 1.1 லட்சம் டன், 2023இல் 1.38 லட்சம் டன். சாளை ஒரு வயதுக்குள் பருவமடையும், மூன்று வருடம்கூட வாழாது. அதனால்தான் இந்த வேகம். கேரள அரசு 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த சாளையைப் பிடிக்கக் கூடாது என்று விதி வைத்திருக்கிறது. அது சினைப்படுவது ஏறத்தாழ 15 சென்டிமீட்டரில். நடுவிலிருக்கும் ஐந்து சென்டிமீட்டர் ஒருமுறையும் முட்டையிடாமல் ஏலத்துக்கு வரும் மீன்.

கொச்சி நிறுவனம் 1947இல் தொடங்கிய காலத்திலிருந்து மீனை எண்ணும் முறையை மெல்ல மெல்லச் செம்மைப்படுத்தி வந்திருக்கிறது. எந்தக் கரையில் எந்த நாளில் எத்தனை படகு, எவ்வளவு மீன் என்று மாதிரி எடுத்து மாநிலத்துக்கே கணக்குச் சொல்கிறார்கள். அதற்கு ஈடாக இன்னொரு ஏடு வேண்டும் என்பது என் ஆசை. நீரோடிக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் சேர்த்து எத்தனை வள்ளம், வலை எவ்வளவு நீளம், எஞ்சின் எத்தனை குதிரைத்திறன், கடன் எவ்வளவு, வட்டி எத்தனை. இவற்றை மாநிலம் பார்க்காமல் ஒரே பக்கத்தில் எழுதிய ஏடு. சாளை திரும்பி வந்திருக்கும் இந்த வருடங்களில் அதை எழுதத் தொடங்கலாம். ஆகஸ்ட் 1 விடிவதற்குள் குளச்சலிலிருந்தும் நீண்டகரையிலிருந்தும் விசைப்படகுகள் ஒரே இரவில் கடலுக்குள் போகும். முதல் கணக்கெடுப்புக்கு அந்த இரவு பொருத்தமானது.